தூணுக்கு மேல் ஒரு ஜாயின்ட்

பாலத்தின் இரும்பு உத்தரங்கள் மேல் கொட்டிய கான்கிரீட், என்ஜினீயரின் கண்ணெதிரே இறுகிக்கொண்டிருந்தது. அடுத்த கான்கிரீட் லாரியைக் காணோம்.

"மாப்பிள்ளை, இங்கயே நிறுத்திட்டு மிச்சத்தை நாளைக்குப் போட்டா என்ன?" என்றார் காண்ட்ராக்டர் மாமனார்.

"ஐயோ மாமா! இன்னைக்குப் போட்டதும் நாளைக்குப் போடுறதும் சேர்ற ஜாயின்ட் நேரா தூணுக்கு மேல விழும். தளம் இழுபடுற இடம் அது, பிளந்துடும். அப்புறம் மொத்தத்தையும் உடைக்கணும்."

"உடைச்சா உங்க வேலை போயிடும். என் பொண்ணு என் வீட்டுக்கே வந்துடுவா. கூடவே நீங்களும்."

கடைசி இரண்டு சொற்களில்தான் அவர் குரல் நடுங்கியது.

என்ஜினீயர் லாரி டிரைவருக்குப் போன் செய்தார். "அண்ணே, எங்க இருக்கீங்க?"

"கேட்லதான் சார், ரொம்ப நேரமா. உங்களுக்கு லைனே கிடைக்கல. வாட்ச்மேன் விடமாட்டேங்கறார்."

"போனை அவர்கிட்ட குடுங்க! யோவ், நான்தான் என்ஜினீயர். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், லாரியை விடுய்யா!"

"நடக்காதுங்க. மத்தியானம் ஒரு மணல் லாரி வந்து பாலத்தையே ஆட்டிடுச்சாம். கான்கிரீட் முடியற வரைக்கும் எந்த லாரியையும் விடக்கூடாதுன்னு என்ஜினீயர் ஐயா ஆர்டர்."

"அந்த ஐயாவே நான்தான்யா!"

"தெரியுதுங்க, குரல் அப்படியே இருக்கு. ஆனா, 'நானே போன் பண்ணிக் கெஞ்சினாலும் விடாதே'ன்னு சொன்னதும் நீங்கதானே?"