திரும்பாத கீல்

கையைக் கடிக்காத விலையில் பர்வீன் டீச்சர் வாங்கிய லேப்டாப் அது. திரையைப் பின்பக்கமாக முழுக்க மடக்கினால் சிலேட்டு மாதிரி ஆகிவிடும், விரலாலேயே எழுதலாம். ஆனால் அப்படி மடக்கும்போதெல்லாம் கீபோர்டு மேஜையில் குப்புறக் கிடக்க வேண்டும். ஒரு பட்டனும் வேலை செய்யாது. மேலே டீச்சரின் விரல் திரையை வருடும் சத்தம் மட்டும் கேட்கும்.

"இதுவே பழகிட்டா, அப்புறம் நான் எதுக்கு?" என்று திரையையும் தன்னையும் இணைத்த கீலிடம் அழுதது கீபோர்டு. "அண்ணே, அடுத்த தடவை திரும்பாதீங்க. கெட்டியா நின்னுடுங்க."

"உடைஞ்சிடுவேன்டா."

"ஒரே ஒரு தடவை, அண்ணே."

கீல் மனசு இளகி, உடம்பை இறுக்கிக்கொண்டது.

மறுநாள் டீச்சர் மடக்கிப் பார்த்தார், அசையவில்லை. பலம் கொடுத்து அழுத்தினார். படக்கென்று ஒரு சத்தம். கீலுக்குள் திரைக்கு ஓடிய ஒயர் அறுந்து, திரை இருண்டது.

"ஐயோ!"

பதறிய டீச்சரின் பத்து விரல்களும் கீபோர்டின் மேல் பாய்ந்தன. ஒரு பட்டன் விடாமல் தட்டின. இத்தனை நேரம் தொடர்ந்து அவர் அதைத் தட்டியதே இல்லை. கீபோர்டு ஒவ்வோர் எழுத்தையும் ஒழுங்காக அனுப்பியது.

போய்ச் சேரத்தான் இடமில்லை.