இரண்டில் தொடங்கும் எண்

காலிக் கவர் கசங்கியிருந்தது. மளிகைக் கடையில் பில் போடும் செந்தமிழ்ச்செல்வி அதை இரண்டு தடவை சிவப்பு வெளிச்சத்தில் காட்டினாள். மெஷின் வாயைத் திறக்கவில்லை.

"நம்பர் சொல்றேன், அடிச்சிக்கம்மா" என்றார் அந்தோணிதாஸ்.

இரண்டு, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், நான்கு... பதின்மூன்று இலக்கத்தையும் கவரைப் பார்க்காமலே சொன்னார்.

கரும்பு ஆலை எடைமேடையில் இருபது வருடம் உட்கார்ந்தவர். ஒரு எண்ணைப் பார்த்தால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மனைவி லிடியா இறந்துபோன பிறகு, வீட்டில் இருந்த சோப்பு, பற்பசை, தைலம் எல்லாவற்றின் பார்கோடுகளையும் போனில் காட்டிப் படித்துவிட்டார். எண்ணூற்றுத் தொண்ணூறில் தொடங்கினால் கம்பெனி இந்தியாவில் பதிவானது. முதல் பன்னிரண்டு இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்று மூன்றால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால், அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். ஒரு சோப்புகூடத் தப்பவில்லை.

இந்தக் கவரை மட்டும் போனுக்கு அடையாளம் தெரியவில்லை.

இரண்டில் தொடங்குவது கடைக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் எண், அந்தக் கடை மெஷினைத் தவிர யாருக்கும் புரியாது என்று பிறகுதான் படித்தார். கடைசிக்கு முன்னால் வரும் இருநூற்று ஐம்பது, எடை. கால் கிலோ. அதை அவரே பிடித்துவிட்டார். நடுவில் இருக்கும் நானூற்று எழுபது எது?

டீத்தூள். அதுவரை தெரியும். எந்த டீத்தூள்?

லிடியா இந்தக் கடையின் குடோனில் பேக்கிங் வேலை பார்த்தாள். கரியாலூர் தினையும் மிளகும் அவள் கையால்தான் கவருக்குள் போகும். டீத்தூள் கவரில் மட்டும், பெயர் அச்சான இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். அதற்கென்றே போல வலது கட்டைவிரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தாள். பாதி விரலுக்கு நகம் என்று அவர் கிண்டல் செய்வார்.

பெயரைக் கேட்டால், "சொல்ட்டா நீயே வாங்கிப் போட்டுக்குவ. அப்பறம் நான் எதுக்கு?" என்பாள்.

ஏழு மாதத்தில் கள்ளக்குறிச்சியில் கிடைக்கும் டீத்தூளையெல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் அது இல்லை. லிடியா கடைசியாகக் கொண்டுவந்த தூளில், ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒரே ஒரு கிளாஸ் என்று குடித்தும், டப்பாவில் இப்போது மூன்று ஸ்பூன்தான் மிச்சம்.

செல்வி திரையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இது விக்கிறது இல்லண்ணா. கிழிஞ்ச பாக்கெட்டுத் தூளெல்லாம் ஒண்ணாக் கொட்டி, வேலை செய்றவங்களுக்குக் கம்மி வெலைக்குக் குடுக்கறது. லிடியாக்காதான் எடுத்துக்கினு போவாங்க."

அவர் கவரில் சுரண்டிய இடத்தைப் பார்த்தார். பெயரைச் சுரண்டியது இதற்குத்தானா.

"எந்தெந்த பாக்கெட்டும்மா கிழியும்?"

"அதான் தமாஷு. மாசாமாசம் பச்சைல ரெண்டு, செவப்புல ஒண்ணு. அக்கா இருந்தவரைக்கும் அது மாறினதே இல்ல. இப்ப எதுவுமே கிழியறதில்ல."

அவர் அலமாரிக்குப் போய்ப் பச்சையில் இரண்டும் சிவப்பில் ஒன்றும் எடுத்து வந்தார். எண்ணூற்றுத் தொண்ணூறு, எண்ணூற்றுத் தொண்ணூறு, எண்ணூற்றுத் தொண்ணூறு. மெஷின் மூன்றுக்கும் உடனே கத்தியது.

பையில் போடுவதற்கு முன்னால், சிவப்பு பாக்கெட்டின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

நல்ல கெட்டி உறை. தானாகக் கிழியக்கூடியது இல்லை.