வீடு என்று பதிந்த பெட்டி

டிவித் திரையில் இருந்த லாரி கேம் படத்தின் மேல் ஒரு பூட்டு விழுந்திருந்தது.

“என்னடி இது, டிரைவரையே வண்டியில ஏத்த மாட்டேங்குது?” என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விடிந்ததிலிருந்து விரிப்பு பிழிந்த கை. அந்தக் கையில் ஜாய்ஸ்டிக். மத்தியானம் வந்ததும் பனிமலையில் ஒரு லோடு இறக்கினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

முதல் நாள், படத்தின் மூலையில் இருந்த 12-ஐப் பார்த்துத் தயங்கினாள். அது வயது, பன்னிரண்டு ஆனவர்கள் ஆடலாம் என்று மகள் சொன்னதும், “அப்ப நான் நாலு தடவ ஆடலாம்” என்று சிரித்தாள்.

கேம் பெட்டி அப்பா வாங்கியது. நான்கு வருடத்துக்கு முன், வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிய அன்று மாட்டிக் கொடுத்தார். சிடி போடும் வாய்கூட அதற்குக் கிடையாது. ஆட்டமெல்லாம் அவர் கணக்கில், அவர் பெயரில். ஒரு கணக்குக்கு ஒரு பெட்டியைத்தான் வீடு என்று பதியலாம், இதைப் பதிந்திருக்கிறேன், இனி நெட் இல்லாமலும் ஓடும் என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு லீவே கிடைக்கவில்லை. பாவம், அங்கே அவ்வளவு வேலை.

மகள் பூட்டை அழுத்தினாள். ஆங்கிலத்தில் வந்தது.

இந்த வீட்டுக்கு ஆங்கிலத்தில் எது வந்தாலும் அவள்தான். மாத்திரைச் சீட்டு, பேங்க் கடிதம், எல்லாம். காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வாசி என்றால் வாசிக்க வேண்டியதுதானே.

‘இது இப்போது உங்கள் வீடு அல்ல. வீடு வேறு பெட்டிக்கு மாற்றப்பட்டுள்ளது. ஆட வேண்டுமானால் எப்போதும் இணையத்தில் இருக்கவும்.’

இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

வேறு பெட்டி. எட்டுப் பேர் படுக்கும் கம்பெனி அறையில் தங்கியிருப்பதாகச் சொல்லும் மனுஷனுக்கு.

“என்னவாம்?”

“நெட் கேக்குதும்மா. அவ்ளோதான்.”

பாதி உண்மை. மீதிப் பாதியை விழுங்கத்தான் அத்தனை படிப்பும் உதவியது.

தன் செல்போனிலிருந்து நெட் கொடுத்தாள். வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. பூட்டு போனது. அப்பா கணக்கில் வாங்கியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

லாரிக்குப் பக்கத்தில், இந்த வீட்டில் யாரும் பார்த்திராத ஒரு படம். மஞ்சள் வாத்து. சிவப்புப் பந்து. மூலையில் ஒரு 3.

மகள் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கப் போனாள். அம்மா கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம்தான் வராது. எண் வரும்.

வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மாத்திரைச் சீட்டில் சந்தேகம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

“வயசு போட்டிருக்கு. ஆணா பொண்ணான்னு போடலியா?”