குழாயில் மூன்று தட்டு

"நான் உன்னோட வந்திட்டா, மேல இருக்கிற கிழவன் பயத்திலயே செத்துப்போவான்" என்றார் பத்திநாதர். மருமகள் யோசெப்பின் மடித்து வைத்த தன் சட்டைகளை அவர் சூட்கேசிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்.

யோசெப்பின் அவருடைய தங்கை மகள். நகரத்தின் மறுகோடியில், ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கிய நாளிலிருந்து, இந்த பேஸ்மென்ட் அறையை விட்டுவிட்டுத் தங்களோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டபடியே இருக்கிறாள். தொண்ணூற்றேழு மாசி மாதத்தில் ஒரு பின்னேரம், இனிக் கேட்டுப் பயனில்லை என்று சூட்கேசோடே வந்து இறங்கிவிட்டாள்.

"அந்தாளுக்குச் சொந்தபந்தம் ஒண்டும் இல்லையே, மாமா?"

"ஆத்துக்கு அங்கால, புரோசார்ட்டில ஒரு மகள் இருக்கிறாள். எப்பவாவது வந்து எட்டிப் பாத்திட்டுப் போவாள்."

"கனடாவுக்கு வந்து இவ்வளவு வருசத்தில பிரெஞ்சில 'மெர்சி' எண்ட ஒரு சொல்லுத்தான் பழகி வைச்சிருக்கிறீங்கள். அவரோட என்ன பாசையில கதைக்கிறனீங்கள்?"

"கொஞ்சம் இங்கிலிசு, கொஞ்சம் கை. மிச்ச நேரம் ரெண்டு பேரும் சும்மா இருப்பம்."

மேல் வீட்டுக் குஸ்தாவ் பெல்ஜியத்துக்காரர். சின்ன வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். பாண் சுற்றி வந்த தாளில் அவர் கீறிக் கொடுத்த தன் ஊர்ப் படத்தைப் பத்திநாதர் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். சுரங்க வாயிலில் ஒரு பெரிய சக்கரம், ஒரு மாதா கோயில், ஒரு ரயில் நிலையம். ஊர் அவ்வளவுதான்.

"உலகச் சண்டை நேரம் ஆமி வந்து ஊரைப் பிடிச்சிட்டாங்களாம். வெட்டின நிலக்கரி முழுக்க அவங்கட ரயிலுக்கு. வெட்டினவன்ர வீட்டு அடுப்பில ஈர மரத்தூள் புகைஞ்சதாம்."

"எங்கட ஊர் மாதிரித்தான்" என்றாள் யோசெப்பின்.

தன் ஊரைப் பற்றிப் பத்திநாதர் எவரிடமும் வாய் திறந்ததில்லை. அடுத்தவன் ஊரென்றால் கதை வந்தது.

"ஆமி தேடின ஆக்கள் பழைய சுரங்கத்துக்க போய் ஒளிச்சிருப்பினமாம். சைரன் ஊதி, டாங்கி தெருவில இறங்கினா, தண்ணிக் குழாயில மூண்டு தட்டுத் தட்டுறதாம். அந்தப் பழக்கம் கிழவனுக்கு இன்னும் விடேல்ல."

"தட்டினா என்ன அர்த்தம்?"

"வேறென்ன? பயமாக் கிடக்கு, ஆராவது வாங்கோ எண்டுதான்."

"அவர் சொன்னவரோ, நீங்களா நினைச்சதோ?"

அவர் வாயெடுக்குமுன் தெருமுனையில் சைரன் எழுந்தது. பனி அள்ளும் வண்டிகள் வருகின்றன, கார்களை எடுங்கள் என்று மாரி முழுவதும் ஊதுகிற அதே சைரன். பின்னால் கனத்த சங்கிலிச் சக்கரங்கள் நிலத்தை அரைத்துக்கொண்டு வந்தன. சுவர் உச்சியிலிருந்த சின்ன யன்னல் அதிர்ந்தது.

பத்திநாதர் எழுந்தார். மேசையைக் கரகரவென்று இழுத்துக்கொண்டுபோய்க் கதவோடு சாத்தினார்.

"இடுக்கால குளிர் வருது" என்றார்.

சற்றைக்கெல்லாம் ஹீட்டர்க் குழாயில் மேலேயிருந்து ஒலி இறங்கியது. ணங், ணங், ணங்.

"பாத்தியே? பயந்திட்டான்!" மேசையை விலக்கிவிட்டு அவர் படிகளில் ஏறினார். அவளும் பின்னால் போனாள்.

மேல் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. திரைச்சீலைகள் மூடியிருந்தன. மேசையில் இரண்டு கோப்பைகளில் கோப்பி. பக்கத்துச் சாசரில் குஸ்தாவ் கழற்றி வைத்த காதுக் கருவி. கிழவர் பத்திநாதரைத் தோளில் பிடித்துக் கதிரையில் இருத்தி, கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். சைரன் ஓயும்வரை இருவரும் கோப்பி குடித்தார்கள்.

பிறகு யோசெப்பின் சைகை காட்ட, குஸ்தாவ் கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பார்க்கிற அவளுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. அவரிடம் விறுவிறுவென்று ஏதோ சொன்னாள்.

"என்ன சொன்னனி?" என்றார் பத்திநாதர்.

"மாமாவை நான் கூட்டிக்கொண்டு போறன், உங்களுக்குத் துணைக்கு வேற ஆள் பாத்துத் தாறம், பயப்பிடாதேங்கோ எண்டு."

குஸ்தாவ் பத்திநாதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒரு முறை குழாயைக் காட்டினார். ஒரு முறை காலால் தரையைத் தொட்டுக் காட்டினார்.

"போக வேண்டாமாமோ?" பத்திநாதரின் குரலில் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது.

"இல்லை, மாமா. அவருக்குச் சந்தோசமாம். இனித் தானும் மகளிட்டப் போகலாமாம். அவ கூப்பிட்டுக் கனகாலமாம்."

"பேந்து ஏன் இவ்வளவு நாளும் போகேல்லையாம்?"

யோசெப்பின் அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஊரில குழாயைத் தட்டுறது ஒளிச்சிருக்கிற ஆக்கள் இல்லையாம். மேல நிக்கிற ஆக்களாம். 'நாங்கள் இருக்கிறம், பயப்பிடாதேங்கோ' எண்டு, கீழ இருக்கிறவைக்குத் தட்டுறதாம்."

பத்திநாதர் சாசரைப் பார்த்தார். அது இப்போது வெறுமையாக இருந்தது.

"காது கேக்காத மனுசனுக்குச் சைரன் ஊதினது எப்பிடித் தெரியும்?"

"சைரன் தெரியாதாம், மாமா. நீங்கள் மேசையை இழுக்கிறது கால்ல தெரியுமாம்."