இரண்டு மணி இருபது நிமிடம்

வரதன் காலையிலிருந்து கைபேசியைக் கீழே வைக்கவில்லை. திரையில் ஒரு குட்டி விமானம் சென்னையிலிருந்து கொல்கத்தாவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஏன்னா, மது எங்க வந்துண்டிருக்கா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் அவர் மனைவி வேதவல்லி.

"புவனேஸ்வர் தாண்டியாச்சு. மெட்ராஸ்லேர்ந்து மொத்தம் ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம் கிலோமீட்டர். ரெண்டு மணி இருபது நிமிஷத்துல வந்துடறா!"

"ஏர்போர்ட்லேர்ந்து நம்ம லேக் கார்டன்ஸ் வரத்துக்குத்தான் டாக்ஸியில ஒரு மணி நேரம் ஆறது."

"பைபாஸ்ல கூட்டம் இல்லேன்னா முக்கால் மணிதான்" என்றார் வரதன் அலுப்புடன்.

பருப்புசிலி வாசனை கூடம் வரை வந்தது. மகளுக்கு உயிர் அது. அவள் முகத்தைப் பார்த்து ஆறு மாதமாகிறது.

பத்து இருபதுக்கு விமானம் தரையைத் தொட்டது.

"எறங்கிட்டா."

வேதவல்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவர் கண்ணும் திரையிலேயே இருந்தது. வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரியாக நாற்பது நிமிடத்தில் குட்டி விமானம் மறுபடி எழும்பித் தெற்கே திரும்பியது.

"கெளம்பிட்டாளா?"

"ம்."

வேதவல்லி எழுந்துபோய் இரண்டே இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"பைலட் ஆனதும் நம்மளை அடிக்கடி பார்க்கலாம்னுதானே இந்தக் கல்கத்தா ரூட்டைக் கேட்டு வாங்கிண்டா?"

"ப்ளேன் ஓட்டறவ, நாப்பது நிமிஷத்துல ஆத்துக்கு எப்படி வந்துட்டுப் போவா?"

அவள் சாதத்தைப் பரிமாறினாள்.

"நாளைக்கும் வராளா?"

"வரா. இதே நேரந்தான்."