அதே கார்

"போன கிழமைதானே பனியிலை வழுக்காத புது ஆணி ரயர் உம்மடை காருக்குப் பூட்டினீர், றெஜினோல்ட். பிறகேன் ரெயினிலை வாறீர்? ஆணி தேய்ஞ்சிடும் எண்டு பயமோ?"

தமிழ்ப் பாடசாலை வாசலில் நின்ற குலேந்திரன் கேட்க, சுற்றி நின்ற பெற்றோர் சிரித்தார்கள். ஒஸ்லோவில் அன்றைக்குத்தான் முதல் பனி.

அவரின் பக்கத்து வீட்டு றெஜினோல்ட் சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டினான். "அப்பிடித்தான் வையுங்கோவன், அண்ணை."

"நான் வாங்கினதைப் பாத்து அதே கார், அதே நிறம் வாங்கத் தெரியுது. ரயரிலையும் என்னைப் பாத்திருக்கலாமே? என்ரை காருக்கு மழைக்கும் பனிக்கும் ஒரே ரயர். என்ரை மனுசி தேவி இப்ப பிள்ளையோடை அதிலைதான் வாறா."

அப்போது கிருஷ்ணகுமாரி ரீச்சர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"ஹொல்ம்லியா இறக்கத்திலை பஸ் வழுக்கிக் குறுக்கை நிக்குதாம். பின்னாலை வந்த கார்கள் ஒண்டோடை ஒண்டு அடிபட்டுக் கிடக்குதாம்!"

குலேந்திரனின் சிரிப்பு நின்றது. அவர் இரவு வேலை முடித்து நேரே வந்தவர். மனைவியும் மகளும் வீட்டிலிருந்து அந்த இறக்கத்தால்தான் வரவேண்டும். போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. அக்கா வந்திடுவா."

"உமக்கென்ன தெரியும்?"

றெஜினோல்ட் படியிறங்கி நின்றான். அவன் கண்ணும் றோட்டில்தான் இருந்தது.

கடைசியில் குலேந்திரனின் கார் வந்து நின்றது. மயூரா குதித்து ஓடி வந்தாள்.

"அப்பா! எங்களுக்கு முன்னாலை பஸ் அப்பிடியே சுத்திச்சுது! அம்மா பிரேக் பிடிச்சா, கார் டக்கெண்டு நிண்டிட்டுது!"

குலேந்திரன் மகளை இறுக்கி அணைத்தார். போன மூச்சு திரும்பி வந்தது. கூடவே பழைய குரலும் வந்தது.

"பாத்தீரே றெஜினோல்ட்? ரயர் எண்டா இது!"

கமலாதேவி கார்க் கதவைச் சாத்தினாள்.

"சும்மா இருங்கோப்பா. உங்கடை ரயர் இப்ப தம்பியின்ரை காரிலை கிடக்குது. பனி வரப்போகுதெண்டு கேட்டிட்டு, நேற்று நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு, தன்ரை ரயர் நாலையும் எங்கடை காருக்கு மாத்திவிட்டவர். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர். அதுதான் இண்டைக்கு ரெயினிலை வந்திருக்கிறார்."

குலேந்திரன் குனிந்து பார்த்தார். பனிக்குள் ஆணிகள் பளிச்சென்று தெரிந்தன. நிமிர அவருக்கு நேரம் எடுத்தது.

றெஜினோல்ட்தான் பேச்சை மாற்றினான்.

"உங்களைப் பாத்து அதே கார் வாங்கினது நல்லதாப் போச்சு, அண்ணை. ரயர் அளவாப் பொருந்திச்சுது."