சின்ன ஓட்டைப் பானை

மார்ச் 9. பானையை மாற்றி வைத்துவிட்டேன். பெண்மீன் மட்டும் நுழையும் ஓட்டை உள்ள பானையை வைத்திருக்க வேண்டும். நான் வைத்ததில் ஆணும் நுழைந்துவிட்டது. சின்னத் தவறுதான். ஆனால் என்னுடையது.

மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தமாண்டா இதைத் தன் நோட்டில் எழுதி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறுநாள் காலையிலேயே சின்ன ஓட்டைப் பானையைத் தேடி எடுத்து ஆண்மீனின் தொட்டியில் வைத்தும்விட்டாள். கடிபட்டு வேறு தொட்டிக்கு மாற்றிய பெண்மீன் தேறித் திரும்பி வந்தால் ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமே.

இப்போது அந்தப் பெண்மீன் கசெம்பேயின் ஈர உள்ளங்கையில் கிடந்தது.

வால் நார் நாராகக் கிழிந்திருந்தது. விலாவில் செதில் போன இடத்தில் வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தது. முட்டையிட்ட பெண்ணை இந்த மலாவி ஏரியின் ஆண்மீன்கள் சும்மா விடுவதில்லை. விரட்டி விரட்டிக் கடிக்கும். அவள் முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சு பொரியும்வரை பட்டினியாக ஒளிந்து திரிவாள்.

உப்புத் தண்ணீரில் விட்டிருந்தால் காயம் அன்றே அடங்கியிருக்கும். உப்புக்கும் பஞ்சமில்லை. அமிது பொடிமீன் கருவாட்டுக்கு வாங்கி வைத்த மூட்டை தொட்டிகளுக்குப் பின்னால்தான் சாய்ந்திருந்தது. முதல் நாள் தமாண்டா ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். தொட்டிகளின் சொந்தக்காரரான கசெம்பே அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“பைத்தியமா உனக்கு? உப்பு பட்டா பயந்து துப்பிரும். துப்புனா வம்சமே போச்சு.”

அவர் பயந்ததில் அர்த்தம் இருந்தது. ஏரியில் ஒரே ஒரு பாறையைச் சுற்றித்தான் இந்த மஞ்சள் நெற்றி மீன் இருந்தது. அங்கே வலை விழத் தொடங்கிய பிறகு, முக்குளிக்கிற அமிது வெறுங்கையோடுதான் மேலே வந்தான்.

“அந்தப் பாறையில இப்ப நீந்துறது நான் ஒருத்தன்தான். வேணும்னா என்னைப் பிடிச்சுத் தொட்டியில போடுங்க” என்றான்.

மிஞ்சியது தொட்டியில் இருந்த ஜோடி மட்டும்.

பெண்ணின் தாடை பை போல உப்பியிருந்தது. இரை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கசெம்பேக்கு அதுவே போதும். தன் மனைவி இடுப்பில் சுற்றும் சிட்டெஞ்சே துணியைக் கொண்டுவந்து தொட்டியை மூடினார். பக்கத்தில் யாரும் செருப்பைத் தேய்த்து நடக்கக் கூடாது என்றார். பிள்ளைத்தாய்ச்சி தூங்கும் வீட்டில் நடப்பதுபோலவே அவரும் நடந்தார்.

இன்று மத்தியானம் துணியை விலக்கியபோது மீன் ஒருக்களித்துக் கிடந்தது.

தாய் போனால் போகட்டும், குஞ்சுகளையாவது எடுத்துவிடலாம் என்று பேசினைக் கொண்டுவரச் சொன்னார்.

“டாக்டரம்மா, கை நடுங்காம பிடி. இன்னிக்கு உனக்குப் பிரசவப் பாடம்.” என்றான் அமிது. சாயங்கால வகுப்புக்குப் போகிறவள் என்பதால் தமாண்டாவுக்கு அவன் வைத்த பேர் அது.

யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

கசெம்பே முனை மழுங்கிய மூங்கில் குச்சியைக் கீழ்த்தாடையில் வைத்து மெல்ல அழுத்தினார். வாய் திறந்தது. பேசினுக்குள் தலைகீழாக முக்கி, இதமாக ஆட்டினார்.

ஒன்றும் விழவில்லை.

மறுபடியும் ஆட்டினார்.

அமிது டார்ச்சை வாய்க்கு நேராகப் பிடித்தான். முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. தாடையின் உட்புறம் கடிபட்ட இடத்தில் சீழ் கோத்து வீங்கியிருந்தது. பை போலத் தெரிந்தது அந்த வீக்கம்தான். தின்ன முடியாமல்தான் முகத்தைத் திருப்பியிருக்கிறது.

மூவரில் ஒருவரும் உப்பு மூட்டையின் பக்கம் திரும்பவில்லை.

“முழுங்கிருச்சு” என்றார் கசெம்பே. “நேத்துவரைக்கும் வாயில இருந்துச்சு. பசி தாங்காம முழுங்கிருச்சு. என்னம்மா, நீதானே தினமும் பாத்தே?”

“ஆமாங்கய்யா. நேத்துவரைக்கும் இருந்துச்சு.”

மீன் ஒருமுறை செவுளை விரித்தது. பிறகு விரிக்கவில்லை.

அவர் பேசின் தண்ணீரை மணலில் கொட்டினார். அப்போதும் துணியில் வடித்துத்தான் கொட்டினார்.

வாயில் முட்டை வைத்திருக்கும் தாயின் தாடை சும்மா இருக்காது. முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். எதையோ மெல்வதுபோல அசையும். இந்தத் தாடை முதல் நாளிலிருந்தே அசையவில்லை. தமாண்டா அதைப் பார்த்தாள். ஐயா கண்ணுக்குத் தெரியாததா என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு அதை எழுதத்தான் உட்கார்ந்தாள். பானையை எழுதினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து தேதியைப் போட்டாள். பெண்மீன் இறந்தது என்று எழுதினாள். தாடையைப் பற்றி எழுத ஒரு வரி இடம் விட்டாள். அது அப்படியே இருந்தது.

அதன் கீழே எழுதினாள்:

நாளை: ஆண்மீனுக்குக் காலையில் இரை. தொட்டியிலிருந்து பானையை எடுத்துவிட வேண்டும்.